தோட்டம் தந்தால்தான் பந்தி

வழக்கமான சைவ ஓட்டலில் உட்கார்ந்து "என்ன இருக்கு?" என்று கேட்டால், சப்ளையர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா, ஆனியன் ரவா, நெய் ரோஸ்ட். ஆடியிலும் அதே பட்டியல்தான், மார்கழியிலும் அதே பட்டியல்தான். இயற்கை உணவகத்தில் இந்தக் கேள்விக்கு நாளுக்கு ஒரு பதில் வரும். நேற்று முருங்கைக்கீரை அடை இருந்திருக்கும்; இன்று வாழைப்பூ அடை. நாளைக்கு என்ன என்று கேட்டால், "காலையில் காய் வந்தால்தான் தெரியும்" என்பார்கள். புதிதாக வருபவருக்கு இது நிர்வாகக் குறைபாடு போலத் தோன்றும். உண்மையில் அந்த உணவகத்தின் அடிப்படையே அதுதான்.

இதை ஒளிவுமறைவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரியை ஒட்டியுள்ள ஆரோவிலுக்குப் போக வேண்டும். அங்கே இருக்கிறது 'சாலிட்யூட்' பண்ணை. இங்கிலாந்தில் பிறந்து 1993-இல் ஆரோவிலுக்கு வந்து சேர்ந்த கிருஷ்ணா மெக்கென்சி, 1996-இல் தொடங்கிய பண்ணை அது. பரப்பு ஏறத்தாழ 6 ஏக்கர். ஜப்பானிய இயற்கை விவசாயி மசனோபு ஃபுகுவோகாவின் வழியைப் பின்பற்றி, உழவும் ரசாயனமும் இல்லாமல் மண்ணை மூடாக்கு போட்டுப் பாதுகாக்கும் முறை. பண்ணைக்குள்ளேயே உணவகம். காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் அங்கே கிடைக்கும்.

கிருஷ்ணா சரளமாகத் தமிழ் பேசுவார். அவருடைய யூடியூப் காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு அவர் வாதம் தெரிந்திருக்கும். இந்த மண்ணில் தானாக முளைக்கும் கீரையும், பெரிய பராமரிப்பு கேட்காத வாழையும் பப்பாளியும் கிழங்குகளும் இருக்கும்போது, மலைப்பிரதேசத்திலிருந்து லாரி ஏறி வரும் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் ஏன் நம்பியிருக்க வேண்டும் என்பதுதான் அது. அதனால் அங்கே தட்டில் பப்பாளிக்காய் சாலட் வரும், வாழைத்தண்டு வரும், சந்தையில் விலை போகாத கீரைகள் வரும். வேலியோரத்தில் படர்ந்து கிடக்கும் பிரண்டையும் அங்கே சமையல் சாமான்தான்.

எல்லா இயற்கை உணவகமும் பண்ணைக்குள் இருக்க முடியாது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் கடந்த 15 ஆண்டுகளில் முளைத்தவை பெரும்பாலும் குடியிருப்புத் தெருவில், வீட்டின் முன்பகுதியில், நாலைந்து மேசையோடு நடப்பவை. பக்கத்திலேயே ஒரு சிறிய கடை இருக்கும். பாரம்பரிய அரிசி, சிறுதானியம், மரச்செக்கு எண்ணெய், பனங்கருப்பட்டி, மலைத்தேன் என்று அடுக்கியிருப்பார்கள். சொல்லப்போனால் பல இடங்களில் கடைதான் முதலில் வந்தது, அடுப்பு பிறகுதான் வந்தது. "வரகு வாங்கிட்டுப் போனேன், குழைஞ்சு போச்சு, எப்படிச் சமைக்கிறது?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்க, சமைத்தே காட்டிவிடலாம் என்று தொடங்கியவர்கள் உண்டு. விற்காமல் தேங்கும் தானியத்துக்கு வண்டு விழும் முன் வழி பண்ணலாம் என்ற கணக்கும் அதில் அடக்கம்.

இந்த அலைக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் உழைப்பு இருக்கிறது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-இல் பிறந்த கோ. நம்மாழ்வார், கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு, ரசாயனம் இல்லாத விவசாயத்தை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கரூர் மாவட்டம் கடவூரில் 'வானகம்' பண்ணையை உருவாக்கினார். 2013 டிசம்பர் 30-இல் அவர் மறைந்தபோது, அவர் பேச்சைக் கேட்டு நகர வேலையை விட்டு நிலத்துக்குத் திரும்பிய இளைஞர்கள் தமிழகம் முழுக்க இருந்தார்கள். இன்னொருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்திய 'நெல்' ஜெயராமன். விழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. 2018-இல் அவர் மறைவதற்குள் 170-ஐ ஒட்டிய நெல் ரகங்கள் மீட்கப்பட்டிருந்தன. விதை திரும்பியது, விளைச்சல் வந்தது; அடுத்து அதைச் சாப்பிட ஆள் வேண்டும். அந்த இடத்தில்தான் தெருமுனை உணவகம் வந்து சேர்கிறது.

காலை உணவைப் பார்ப்போம். கூழும் கஞ்சியும்தான் இங்கே முதல் வரிசை. கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், கூடவே சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு. அரை நூற்றாண்டுக்கு முன்பு வானம்பார்த்த பூமியில் வயலுக்குப் போகும் குடும்பங்களின் அன்றாடச் சாப்பாடு இதுதான். இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும் பலகாரம். 1966-இல் ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரக நெல் வந்தது. தஞ்சையில் ஆடுதுறை 27 பரவியது. பாசனம் விரிந்தது, ரேஷனில் அரிசி வந்தது. இரண்டு தலைமுறைக்குள் கம்பும் சோளமும் கோழித்தீவனம் என்ற நிலைக்கு வந்துவிட்டன. இன்று அதே கூழை மண் குவளையில் ஊற்றி, காரில் வந்து இறங்குபவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இந்த முரணைச் சொல்லி நக்கலடிப்பவர்கள் உண்டு. ஆனால் கம்பு விளைவித்தவருக்கு அது விற்கிறது என்பதும் உண்மை.

கம்பில் ஒரு சமையல் சிக்கலும் இருக்கிறது. அதில் கொழுப்புச் சத்து அதிகம் என்பதால், மாவாக அரைத்துச் சில நாள் வைத்தாலே காறல் வாடை வந்துவிடும். பாக்கெட் கம்பு மாவை வாங்கிக் கூழ் காய்ச்சிவிட்டு "கசக்குது" என்று ஒதுக்கியவர்கள் ஏராளம். தெரிந்த உணவகங்களில் கம்பைத் தானியமாகவே வைத்திருந்து, தேவைக்கு மட்டும் இடித்துக்கொள்வார்கள். முதல் நாள் காய்ச்சி, இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, காலையில் மோர் சேர்த்துக் கரைப்பார்கள்.

கூழுக்கு அடுத்து டிபன். கேழ்வரகு தோசை, தினைப் பொங்கல், மாப்பிள்ளைச் சம்பா இட்லி, முடக்கத்தான் தோசை, வாழைப்பூ அடை. மாப்பிள்ளைச் சம்பா இட்லி வெள்ளை வெளேரென்று இருக்காது. இளஞ்சிவப்பாக, கொஞ்சம் கனமாக இருக்கும். பஞ்சு மாதிரி இட்லிக்குப் பழகிய வாய்க்கு முதல் விள்ளல் ஏமாற்றமாக இருக்கலாம். தொட்டுக்கொள்ளப் பிரண்டைத் துவையல் வந்தால் கதை மாறும். பிரண்டையை நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைக்க வேண்டும். அவசரப்பட்டு அரைவேக்காட்டில் இறக்கினால் நாக்கு அரிக்கும். துவையலை வாயில் வைத்தாலே சரக்கு மாஸ்டரின் பொறுமை தெரிந்துவிடும். செட்டிநாட்டு விருந்துகளில் இனிப்பாகப் பரிமாறப்படும் கறுப்புக் கவுனி, இங்கே தேங்காய்ப் பூவும் நாட்டுச்சர்க்கரையும் சேர்ந்து காலைத் தட்டுக்கே வந்துவிடுகிறது. காபிக்குப் பதில் சுக்கு மல்லி, ஆவாரம்பூ டீ. பிடிவாதக்காரர்களுக்குக் கருப்பட்டிக் காபி.

மதியச் சாப்பாடு தட்டுக்கு வருவதற்கு முந்தைய நாளே வேலை தொடங்கிவிடுகிறது. பட்டை தீட்டாத பாரம்பரிய அரிசியைக் குக்கரில் போட்டு மூன்று விசிலில் இறக்க முடியாது. மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் இரவே ஊறவைக்க வேண்டும். தவிடு ஒட்டிய அரிசி வேக நேரம் எடுக்கும், விறகோ கேஸோ கூடுதலாகச் செலவாகும். தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் சன்னம் என்பதால் அன்றாடச் சாப்பாட்டுக்கு எளிது. முதல்முறை வருபவருக்குத் தூயமல்லியைப் போட்டுப் பழக்குவது நல்ல வழி. சிறுதானியங்களுக்கு வேறு குணம். சாமையும் குதிரைவாலியும் சீக்கிரம் வெந்துவிடும், ஆறினால் விறைத்துப்போகும். ஓட்டல்போல் ஒரே அண்டாவில் வடித்து மூன்று மணிவரை பரிமாற முடியாது. சின்னச் சின்னத் தவணையாக வடிக்க வேண்டும், இல்லையென்றால் சாம்பார் சாதமாகவோ தயிர் சாதமாகவோ கலந்துவிட வேண்டும். இயற்கை உணவகங்களில் சாமை சாம்பார் சாதமும் குதிரைவாலித் தயிர் சாதமும் அடிக்கடி கண்ணில் படுவதற்கு இதுதான் காரணம்.

கூட்டும் பொரியலும் மாதத்தைப் பொறுத்தவை. தை மாதம் இயற்கை உணவகத்துக்குத் திருவிழாக் காலம். புது அரிசி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, கருணை, பச்சை மஞ்சள் என்று எல்லாம் ஒன்றாக வந்து குவியும். சித்திரையில் மாங்காயும் வெள்ளரியும் வேப்பம்பூவும். ஆடியில் கீரை செழிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் சோதனை. கீரை அழுகும், கத்தரி பூ உதிர்க்கும், தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. அப்போது கைகொடுப்பது வாழை. காய் பொரியலாகும், பூ உசிலியாகும், தண்டு மோர்க்கூட்டாகும். மூன்றும் ஒரே மரத்திலிருந்து. போதாததற்கு வெயில் காலத்தில் போட்டுவைத்த வற்றல்கள் இருக்கும். மணத்தக்காளி வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டு அன்றைய பந்தியை ஒப்பேற்றிவிடுவார்கள்.

சின்ன இடத்தில்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். அதே ஆரோவிலில் 'சோலார் கிச்சன்' இருக்கிறது. கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள பிரம்மாண்டக் கிண்ணம். உட்புறம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். அது சூரிய ஒளியை ஒருமுகப்படுத்தி நீராவி உண்டாக்கும். அந்த ஆவியில் சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம். மேகம் மூடினால் டீசலில் ஓடும் பாய்லர் துணைக்கு வரும். ஆரோவில் பண்ணைகளின் விளைச்சலை வாங்கிச் சமைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஒரு பண்ணையில் பூசணி மிதமிஞ்சி விளைந்தால், அதை மொத்தமாக எடுத்துக்கொள்ள இப்படி ஒரு சமையற்கூடம் வேண்டும். பத்துப் பேர் சாப்பிடும் தெருமுனைக் கடையால் அது முடியாது.

இனி சங்கடமான கேள்விக்கு வருவோம். இது இயற்கை விளைச்சல்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

இந்தியாவில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 2001 முதல் நடப்பில் உள்ள தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்கீழ் மூன்றாம் தரப்பு நிறுவனம் ஆய்வு செய்து தரும் சான்று. தமிழ்நாட்டில் அரசுத் துறையே கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தச் சான்றை வழங்குகிறது. ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே சான்று கிடைக்காது. பருவப் பயிருக்கு 2 ஆண்டும், மரப்பயிருக்கு 3 ஆண்டும் மாற்றுக் காலம் கழிய வேண்டும். இன்னொன்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்து உறுதியளிக்கும் 'பங்கேற்பு உத்தரவாத' முறை. செலவு குறைவு; சிறு விவசாயிக்கு ஏற்றது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொட்டலத்தில் 'ஆர்கானிக்' என்று அச்சிட வேண்டுமானால் இவற்றில் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். 'ஜைவிக் பாரத்' முத்திரையையும் அந்த விதிகள் கேட்டன. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் விலக்கு உண்டு.

கவனித்தால் தெரியும், இவையெல்லாம் நிலத்துக்கும் பொட்டலத்துக்கும் உரிய சான்றுகள். தோசைக்கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும் தோசைமீது எந்த முத்திரையும் ஒட்ட முடியாது. அரிசி இயற்கை, எண்ணெய் கடைச்சரக்கு; கீரை இயற்கை, தக்காளி கோயம்பேடு சந்தைச் சரக்கு என்று கலந்து சமைத்தாலும் பெயர்ப்பலகை மாறாது.

டென்மார்க்கில் இதற்கு ஒரு நேர்மையான தீர்வு கண்டிருக்கிறார்கள். 2009-இல் அந்நாட்டு அரசு உணவகங்களுக்கென்றே தர முத்திரை கொண்டுவந்தது. வாங்கும் பொருளில் 30 முதல் 60 சதவீதம் இயற்கை விளைச்சல் என்றால் வெண்கலம், 60 முதல் 90 என்றால் வெள்ளி, அதற்குமேல் தங்கம். சமையல்காரரின் கைமணத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. கொள்முதல் பில்லைத்தான் சரிபார்க்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் நோரா பூயோன் 1979-இல் தொடங்கிய உணவகம், 20 ஆண்டுகள் கழித்து 1999-இல்தான் அந்நாட்டின் முதல் சான்று பெற்ற இயற்கை உணவகம் ஆனது. வாங்கும் பொருள்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. 95 சதவீதம் என்ற எல்லையைத் தொட வேண்டியிருந்தது. 2017-இல் அந்த உணவகம் மூடப்பட்டது.

நம் ஊரில் அப்படிப்பட்ட படிநிலை இல்லாதவரை, நம்பிக்கைதான் சான்றிதழ். அந்த நம்பிக்கையைச் சில உணவகங்கள் வெளிப்படையாகவே சம்பாதிக்கின்றன. கல்லாவுக்குப் பக்கத்தில் இன்றைய அரிசி எந்த ஊர், எந்த விவசாயி என்று பலகையில் எழுதி வைப்பார்கள். கிடைக்காத பொருளைப் பற்றியும் மறைக்காமல் எழுதுபவர்கள் உண்டு: "இன்று தக்காளி சந்தையில் வாங்கியது." இப்படி எழுதுகிற கடையின் மற்ற வரிகளை நம்பலாம்.

விலையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. பக்கத்து மெஸ்ஸைவிட இங்கே சாப்பாடு விலை கூடுதல்தான். களை எடுக்கக் கூலியாள் வேண்டும். பாரம்பரிய நெல் விளைய மாதக்கணக்கு நீளம், மாப்பிள்ளைச் சம்பாவுக்கு 5 மாதத்துக்கு மேல். வரகின் உமி அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் உடைத்து அரிசியாக்கத் தனி இயந்திரம் வேண்டும். அது எல்லா ஊரிலும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வரும் காய்க்கு வண்டிச் சத்தம் அதிகம். இத்தனையும் சேர்ந்துதான் பில்லில் வருகிறது. இந்த விலையில் ஆட்டோ ஓட்டுநரும் கட்டடத் தொழிலாளியும் தினம் வந்து சாப்பிட முடியாது என்பது நியாயமான விமர்சனம். சிறுதானியத்தை எல்லார் தட்டுக்கும் கொண்டுபோக அரசு முயற்சிகள் தேவை. தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் 2023-இல் தொடங்கியது அப்படிப்பட்ட ஒன்று. உணவகங்களில் சில தம் பங்குக்கு ஒரு கூழும் ஒரு கலந்த சாதமும் குறைந்த விலைக்கு வைத்திருக்கின்றன.

ஆரோக்கியம் பற்றிய பேச்சில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் அதன் சாயல்கூட இல்லை. அது உண்மை. ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான். சர்க்கரை நோயாளி அளவில்லாமல் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதிலும் கூழாகக் குடித்தால் வேகமாக ஏறும். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரையின் உறவினர்களே. இயற்கை விளைபொருள், வழக்கமான விளைபொருள் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2012-இல் தொகுத்துப் பார்த்தார்கள். சத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதற்கு வலுவான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கும் வாய்ப்பு இயற்கை விளைபொருளில் குறைவு என்பது தெரிந்தது. தெளிக்கப்படாத மருந்தால் முதலில் தப்பிப்பவர் சாப்பிடுபவரைவிட, தெளிப்பானை முதுகில் சுமந்து வயலில் நடப்பவர்தான். "இந்த அரிசி புற்றுநோயைக் குணமாக்கும்" என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் கடையில், சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள். கூழ் வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒன்றரைக்குள் போவது உத்தமம். அளவாகச் சமைப்பதால் இரண்டு மணிக்குமேல் ரசமும் மோரும்தான் மிஞ்சும். நாலு பேருக்கு மேல் போனால் முதல் நாளே போனில் சொல்லிவிட்டால், அரிசி ஊறவைக்க அவர்களுக்கு வசதி. முதல் தடவையே காட்டுயானத்தில் ஆரம்பிக்காமல், தூயமல்லியோ சீரகச் சம்பாவோ இருக்கும் நாளாகப் பார்த்துப் போகலாம். நார்ச்சத்து பழகாத வயிறு முதலிரண்டு நாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்; அளவாகச் சாப்பிட்டால் போதும்.

கல்லாவில் பணம் கொடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம். அரிசி எந்த ஊரிலிருந்து வருகிறது? எண்ணெய் எங்கே ஆட்டுகிறீர்கள்? இந்த வாரம் எந்தக் காய் கிடைக்கவில்லை? முதலிரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருக்கும் கடைகள் பல. மூன்றாவதற்குத் தயங்காமல், "வெண்டை இல்லீங்க, மழையில போயிடுச்சு, அடுத்த வாரம் பூ வைக்குதான்னு பார்க்கணும்" என்று சொல்லும் கடைக்காரர் தோட்டத்தோடு தினமும் பேசுகிறவர். அவர் கடையில் மாதச் சாப்பாட்டுக்கே பதிவு செய்துகொள்ளலாம்.